திரும்பி வரும் உறைக்கும் எடை உண்டு

தளபாட வியாபாரம் செய்யும் எனது நண்பர் ஒருவருக்குத் தூர ஊரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. "நானா, ஒங்கட கடிதத்த சல்லி குடுத்துத்தான் எடுத்த" என்றார் மறுமுனையில் இருந்தவர். மகளின் திருமணத்துக்குக் கட்டிலும் அலுமாரியும் செய்விக்க இருந்த வாடிக்கையாளர் அவர். மாதிரிகளின் ஆறு படங்கள், விலைப்பட்டியல், ஓடர் படிவம், பதில் அனுப்பத் தனது விலாசம் எழுதிய உறை ஒன்று என எல்லாவற்றையும் நண்பர் ஒழுங்காகவே அனுப்பியிருந்தார். முத்திரையை மட்டும் சாதாரண கடிதத்துக்கு ஒட்டுவது போல ஒட்டிவிட்டார். குறைந்த பணத்தைத் தண்டத்தோடு சேர்த்துத் தபாற்காரர் வாடிக்கையாளரிடம் அறவிட்டிருக்கிறார். தொகை பெரிதல்ல. ஆனால் ஓடர் வேறு கடைக்குப் போய்விட்டது.

வட்ஸ்அப் இருக்கும் காலத்தில் தபாலில் படம் எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். தேக்கின் நிறமும் மஹோகனியின் நிறமும் கைத்தொலைபேசித் திரையில் ஒன்றுபோலத் தெரிவதை மரம் விற்பவர்கள் அறிவார்கள். தவிரவும், கையொப்பமிட்ட ஓடர் படிவம் கையில் இருந்தால்தான் பின்னர் "நான் சொன்னது இந்த மாதிரியல்ல" என்ற பேச்சு வராது. முற்பணக் காசோலையும் அதே உறையில் வந்து சேரும்.

நண்பரின் கடிதத்துக்கு வருவோம். ஏ4 தாள் ஒன்றின் எடையை அறியத் தராசு தேவையில்லை. ஒரு சதுர மீற்றரில் இத்தாள் 16 அடங்கும். நாம் பாவிக்கும் 80 கிராம் தாள் என்பது சதுர மீற்றருக்கு 80 கிராம் என்பதால், ஒரு தாள் சரியாக 5 கிராம். 6 அங்குலம் நீளமும் 4 அங்குலம் அகலமும் கொண்ட ஸ்டூடியோப் படம் ஏறத்தாழ 4 கிராம். படங்கள் 24, இரண்டு தாள்கள் 10, வெளியுறை சுமார் 8, உள்ளே வைத்த பதில் உறை 4. கூட்டினால் 46 கிராம். படம் மடியாதிருக்க நடுவில் வைத்த மட்டைக்கு இன்னும் 12 கிராம் சேர்த்தால் 58. கடிதக் கட்டணத்தின் முதற்படியோ 20 கிராமுடன் முடிந்துவிடுகிறது. நண்பர் எண்ணிப் பார்த்தது படங்களை மட்டுமே. உறைக்குள் இருந்த உறையும் மட்டையும் அவருடைய கணக்கில் வரவேயில்லை.

பதில் உறைக்கோ கணக்கு வேறு. அது போகும்போது வெறும் உறை. வரும்போது அதற்குள் என்னென்ன இருக்கும் என்று பார்த்தே முத்திரை ஒட்ட வேண்டும். "படங்களையும் திருப்பி அனுப்பவும்" என்று எழுதுவது நண்பரின் பழைய பழக்கம். அப்படியானால் படங்கள் 24, படிவம் 5, உறை 4 என 33 கிராம் வரும். படங்களை வாடிக்கையாளரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டால் வருவது 9 கிராம் மட்டுமே. காசோலை ஒன்றையும் ஒரு துண்டுக் கடிதத்தையும் சேர்த்தாலும் 20ஐத் தாண்டாது. போகும் கடிதத்தில் பிழைவிட்டால் தண்டம் கட்டுபவர் வாடிக்கையாளர். வரும் கடிதத்தில் பிழைவிட்டால் நீங்கள். என்னைக் கேட்டால் படத்தைத் திருப்பிக் கேட்கவே கூடாது. அது அவர் வீட்டில் இருக்கும்வரை உங்கள் கடையும் அங்கே இருக்கிறது. படங்களுக்கு இலக்கமிட்டு, அந்த இலக்கத்தைப் படிவத்தில் எழுதச் சொன்னால் போதும்.

முன்பெல்லாம் இந்தக் கிராம்களை யாரும் பொருட்படுத்தவில்லை. முத்திரை மலிவாக இருந்தது. சந்தேகம் வந்தால் இன்னொன்றை ஒட்டிவிடலாம். 2022 ஆகஸ்டில் இலங்கையில் கடிதத்துக்கான குறைந்தபட்சக் கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக ஏறியது. மாதம் நூறு கடிதம் அனுப்பும் கடைக்கு முதற்படியில் மட்டும் 1,500 ரூபா 5,000 ஆனது. பதில் உறைக்கும் முத்திரை ஒட்டினால் அது இரட்டிப்பு. ஆகவே கூட ஒட்டுவதும் இப்போது நட்டம்தான். அனுப்பப்போகும் உறை ஒன்றை முழுதாக நிரப்பி, ஒட்டாமல், தபாலகக் கருமபீடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பாருங்கள். அன்றைய கட்டணத்தையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். படிவத்தையும் காசோலை அளவு தாளையும் பதில் உறைக்குள் வைத்து அதையும் தனியே நிறுக்க வேண்டும். ஒரு முறை செய்தால், உள்ளடக்கமோ கட்டணமோ மாறும்வரை அதே கணக்குத்தான். பக்கத்து நகைக்கடைத் தராசும் உதவும், ஆனால் உரசலான எடைக்குத் தபாலகத் தராசு சொல்வதே செல்லும்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுபவர்கள் இன்று நல்ல வாடிக்கையாளர்கள். அவர்களுக்குப் பதில் உறை வைக்கும்போது இலங்கை முத்திரை ஒட்டி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். தோஹாவில் தபாலில் சேர்க்கும் கடிதத்துக்குக் கட்டார் முத்திரையே செல்லும். நமது முத்திரை அங்கே வெறும் படம். இந்தச் சிக்கலுக்காகவே சர்வதேசத் தபால் ஒன்றியம் 1906இல் ரோமில் கூடியபோது பதில் கூப்பன் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒரு நாட்டில் வாங்கிய கூப்பனை இன்னொரு நாட்டில் முத்திரையாக மாற்றலாம். நாட்டுக்கு நாடு நாணய மதிப்பு வேறுபட்டதைக் காட்டி, 45 நாளில் 50 சதவீத இலாபம் என்று 1920இல் பொஸ்டன் நகர மக்களிடம் பணம் திரட்டியவர்தான் சார்ள்ஸ் பொன்சி. சொன்ன அளவுக்குக் கூப்பன் உலகிலேயே புழக்கத்தில் இருக்கவில்லை. பின்னால் வந்தவரின் பணத்தை முன்னால் வந்தவருக்கு இலாபமாகக் கொடுத்தார். அதே ஆண்டு ஓகஸ்டில் கைதானார். பிரித்தானியா 2011 இறுதியிலும் அமெரிக்கா 2013 ஜனவரியிலும் கூப்பன் விற்பனையை நிறுத்திவிட்டன. வளைகுடா வாடிக்கையாளருக்குப் படங்களை மட்டும் தபாலில் அனுப்பிவிட்டு, கையொப்பமிட்ட படிவத்தை விடுமுறையில் ஊர் வருபவரிடம் கொடுத்தனுப்பச் சொல்வதே இலகுவானது.

உறையின் அளவையும் பார்த்து வாங்க வேண்டும். ஆறங்குலப் படம் தாராளமாகப் போகும் ஆறரைக்கு நாலரை அங்குல உறையைப் பதிலுக்கு வைத்தால், ஒன்பதுக்கு ஆறரை அங்குல வெளியுறைக்குள் அது மடிக்காமல் கிடக்கும். நீள உறையை மடித்து வைத்தால் அந்த மடிப்பு கடிதத்தைத் தடிப்பாக்கும். படங்களைக் கிளிப் போட்டுச் சேர்க்க வேண்டாம், அச்சு விழும். இலக்கத்தைப் படத்தின் பின்புறம் போல்பொயின்ற் பேனையால் அழுத்தி எழுதினாலும் முன்பக்கம் தடம் தெரியும். சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள்.

நண்பர் இப்போது ஆறு படத்துக்குப் பதில் மூன்று அனுப்புகிறார். மட்டையையும் விட்டுவிட்டார், மூன்று படங்கள் ஒன்றுக்கொன்று மட்டையாக இருக்கின்றன. கடிதம் 34 கிராம் வருகிறது. வெளியுறையின் மூலையில் எடையைப் பென்சிலால் குறித்த பிறகே கடைப் பையனிடம் கொடுக்கிறார்.