பரீட்சைக்குப் பறப்பவர்கள்

பெங்களூரையும் மதுரையையும் தேசப்படத்தில் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். அக்கோடு ஏறக்குறையத் திண்டுக்கல் நகரின் தலைமேலேயே செல்லும். மேற்கே கொடைக்கானல் மலை, தென்கிழக்கே சிறுமலை. இந்தச் சமவெளியின் மேல் ஒரு விமானம் மதுரையை நோக்கி இறங்கிக் கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். விமான நிலையத்துக்கு இன்னும் சுமார் 32 கடல் மைல் இருக்கிறது. ஆயிரம் அடி இறங்குவதற்கு மூன்று கடல் மைல் வேண்டும் என்பது விமானிகளின் வாய்ப்பாடு. ஆகவே விமானம் அப்போது சுமார் 10,000 அடி உயரத்தில் இருக்க வேண்டும். 15,000 அடியில் இருந்தால் என்ன செய்வது? காற்று, மேகம், வானொலிக் கட்டளை இத்தனைக்கும் நடுவே இதனை மனக்கணக்காகவே தீர்க்க வேண்டும். காகிதமும் பென்ஸிலும் தேடுகிறவருக்கு அதற்குள் மதுரை வந்துவிடும்!

விமானியாக வேண்டும் என்று சொல்லும் பிள்ளைகளும் பெண்களும் இன்று நம் வீடுகளில் அநேகர். 200 மணி நேரம் பறந்து லைசென்ஸ் வாங்கிவிட்டால் படிப்பு முடிந்தது என்று பெற்றோர் எண்ணுவது இயல்பே. உண்மையில் அதன் பிறகுதான் பெரிய படிப்பு தொடங்குகிறது. முதலில் 'ஸிமுலேட்டர்' என்னும் பாவனை விமானம். அது தரையை விட்டு எழும்புவதில்லை. ஆயினும் இயந்திரம் நின்று போவது முதலிய சகல விபரீதங்களையும் அதற்குள் வரவழைத்துக் காட்டுவார்கள். அடுத்தது 'லைன் டிரெயினிங்'. இதில் விமானமும் மெய், பிரயாணிகளும் மெய். இடது ஆசனத்தில் பயிற்சி தரும் காப்டன், வலது ஆசனத்தில் புதியவர். தொடக்க நாட்களில் பின்னால் மற்றொரு விமானியும் காவலாக அமர்ந்திருப்பதுண்டு. முடிவில் 'லைன் செக்' என்னும் பரீட்சை. தேறிய பிறகும் விடுதலை இல்லை. தலை நரைத்த காப்டன்களும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸிமுலேட்டரில் தங்கள் திறமையை நிரூபித்தாக வேண்டும்.

இதற்கு ஆயத்தம் செய்யும் விதம் வேடிக்கையானது. விமானி அறையின் பெரிய படத்தைச் சுவரில் ஒட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு விசையாகக் கை நீட்டித் தொட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பழகுவார்கள். புதிதாகப் பார்க்கும் பாட்டிமார் ஏதோ பூஜை நடக்கிறதென்று நினைத்தாலும் வியப்பில்லை.

ஆனால் கைப்பழக்கம் மட்டும் போதாது. 1990 பிப்ரவரி 14-ஆம் தேதி பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம், பெங்களூர் ஓடுபாதையை எட்டுமுன்னே கால்ப் மைதானத்தில் விழுந்தது. அதிலிருந்த 146 பேரில் 92 பேர் மாண்டனர். அன்று விமானத்தை ஓட்டியவர் காப்டன் பதவிக்குரிய பரீட்சைப் பிரயாணத்தில் இருந்தார். பக்கத்தில் இருந்தவர் பரீட்சகர். இருவரும் அநுபவசாலிகள். இயந்திரங்களின் விசை மிகவும் குறைந்திருக்க, வேகம் தணிந்துகொண்டே போனதை இருவருமே உரிய தருணத்தில் உணரவில்லை. அனுபவம் மிக்கவர் பக்கத்தில் இருக்கிறார் என்ற நம்பிக்கை விமான வேகமானியைப் பார்க்கும் வேலையைச் செய்யாது.

2010 மே 22-ஆம் தேதி மங்களூரில் 158 பேர் இறந்த விபத்து வேறு வகை. இறங்க வேண்டாம், மீண்டும் மேலெழும்பலாம் என்று துணை விமானி மும்முறை சொன்னார். காப்டன் கேட்கவில்லை. துணை விமானியோ கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுத்துக்கொள்ளவில்லை.

பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று நாம் குழந்தைகளைப் பழக்குகிறோம். வீட்டுக்கு அது அழகுதான். விமானி அறையில் அதே மரியாதை உயிரைக் குடித்துவிடும். ஆகையால் உயரமும் வேகமும் சரியாக அமையாதபோது துணிந்து மேலெழும்புகிறவர் மேல் குற்றம் சொல்லலாகாது என்பது இந்திய விமானத் துறையின் கொள்கை. பரீட்சை கெட்டுவிடுமே என்று அஞ்சி எப்படியாவது இறங்கப் பார்க்கிறவரையே பரீட்சகர் தேறவில்லை என்று எழுதுவார். சுவர்ப்படத்தின் முன் அமரும் இளைஞர் விசைகளின் பெயர்களோடு, "வேகம் குறைகிறது, காப்டன்!" என்பதையும் உரத்த குரலில் சொல்லிப் பழகிக் கொள்ளட்டும். அடுத்த அறையில் இருப்பவர்கள் என்ன நினைத்தாலும் சரி.