வாலிபர் முகாமும் எச்சில் குவளையும்



வாலிபர் முகாம் என்றதும் பாட்டும் செபமும் விளையாட்டுமே நம் நினைவுக்கு வரும். முகாம் முடிந்தபின் அவ்விடம் எவ்வாறு காட்சியளிக்கும் என்பதை நம்மிற் பலர் கண்டதில்லை. செகந்திராபாத்தில் நான் சார்ந்துள்ள திருச்சபையின் வாலிபர் ஐக்கியத்திற்குப் பொருளாளனாதலால், கணக்குத் தீர்க்கும்பொருட்டுக் கடைசிவரை தங்கிய எனக்கு அக்காட்சி ஒருமுறை வாய்த்தது. பிள்ளைகள் பேருந்தேறிச் சென்றனர். பெருக்க வந்த மூதாட்டி எச்சில் குவளைகளை வெறுங்கையால் பொறுக்கிக் குவித்துத் தீயிட்டார். புகையில் இருமிக்கொண்டே, "பாதி குடித்து வைத்ததெல்லாம் என் சேலையில்தான் கொட்டுகிறது, பாபு" என்று தெலுங்கிற் கூறினார். எனக்கு மறுமொழி எழவில்லை.

இரயில்வே அலுவலகத்திற் கணக்கெழுதிப் பழகிய கை சும்மாயிருக்குமா? முகாமிற்கு வந்தவர் 120 பேர். நாளொன்றுக்கு உணவு மூன்று வேளை, தேநீர் இரு வேளை. ஆக மூன்று நாட்கள். வேளைக்கு ஒரு குவளையே எனினும் 1,800 குவளைகள்!

காகிதக் குவளைதானே, மக்கிவிடும் என்பாரும் உளர். அதன் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 2020-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 100 மில்லி லிட்டர் வெந்நீர் அக்குவளையில் 15 நிமிடம் இருந்தால், ஏறத்தாழ 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் அதிற் கலக்கின்றன.

சட்டமும் வாளாவிருக்கவில்லை. 2022 ஜூலை 1 முதல், ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் தட்டு, குவளை, கரண்டி, உறிஞ்சுகுழல் ஆகியவை நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளன. அலங்காரத் தெர்மோகோலும் அப்பட்டியலில் உண்டு. விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு மேடை சோடிப்போர் இதனைக் கருத்திற் கொள்வார்களாக.

வேதமும் இதற்கு வழிகாட்டாமலில்லை. ஐயாயிரம் பேர் உண்டு திருப்தியடைந்த பின், எதுவும் வீணாகாதபடி மீந்த துணிக்கைகளைச் சேர்க்குமாறு இயேசுபெருமான் சீடருக்குக் கட்டளையிட்டார். பன்னிரண்டு கூடைகள் நிரம்பின. சேர்த்தவர்கள் சீடர்களே என்பது நோக்கத்தக்கது.

பிறர் செய்து காட்டியும் இருக்கின்றனர். 2015-ல் கேரளத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளில், எறியும் பாத்திரங்களைத் தவிர்த்துக் கழுவிப் பயன்படுத்தும் பாத்திரங்களைப் புழங்கும் 'பசுமை நெறி'யைக் கைக்கொண்டனர். அத்துணைப் பெரிய விழாவில் இயன்றது, நம் சிறு முகாமில் இயலாதா?

இவற்றையெல்லாம் எங்கள் கமிட்டியில் எடுத்துரைத்தேன். எவர்சில்வர் தம்ளர்கள் வாங்கலாம் என அனைவரும் உடன்பட்டனர். அப்பொழுது ஓர் இளம்பெண் எழுந்து, "கழுவுவது யார், அண்ணா?" என்று வினவினாள். சபை மௌனமாயிற்று. அவ்வேலை அடுப்படிப் பெண்கள் தலையிலோ அம்மூதாட்டியின் தலையிலோதான் விழும் என்பதை அதுவரை நாங்கள் ஒருவரும் எண்ணவில்லை. பூமியின் பாரத்தைக் குறைக்கிறோம் என்று சொல்லி ஓர் ஏழையின் பாரத்தைக் கூட்டுவது தருமமாகுமா?

ஆகவே அடியிற்கண்டவாறு தீர்மானித்தோம். தட்டும் தம்ளரும் அவரவர் வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும்; உண்டவர் தாமே கழுவ வேண்டும்; போதகரும் இதற்கு விலக்கல்லர். விருந்தினருக்குத் தையல் இலை. இவ்வூரார் அதனை 'விஸ்தரி' என்பர். மிஞ்சிய காய்கறிக் கழிவு கோயில் தோட்டத்து எருக்குழிக்குச் செல்லும்.

மறு ஆண்டு முகாமில் எல்லாம் செவ்வனே நடந்தன என்று கூறேன். முதல் நாள் குழாயடியில் நெருக்கடி. நான்கு தம்ளர்கள் காணாமற் போயின. சிலர் கடையிலிருந்து தண்ணீர்ப் புட்டிகளை வாங்கிவந்தனர். ஆயினும், தாயார் கழுவித் தந்த தட்டிலேயே உண்டு வளர்ந்த பையன்கள் வரிசையில் நின்று தம் தட்டைத் தாமே துலக்கினார்கள். முகாம் முடிந்த அன்று தீயுமில்லை, புகையுமில்லை. மூதாட்டி முற்றத்தைப் பெருக்கிவிட்டு, பொழுது சாயுமுன்னரே வீடு திரும்பினார்.

நம் சங்கத்தில் பல சமயத்தாரும் உள்ளோம். பொங்கல் விழாவாயினும் கிறிஸ்துமஸ் விழாவாயினும் குவளை ஒன்றே. வரும் விழாவிற்கு வீட்டிற்கொரு தம்ளர் கையோடு கொணர்ந்தால் என்ன? கழுவும் முறையில் முதற் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு காரியதரிசி அவர்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.