மோட்டார் வண்டிக்கும் மூட்டுநோய்

மனிதருக்கு முதுமை வந்தால் முதலில் முறையிடுவது முழங்கால். மோட்டார் வண்டிக்கும் அவ்வாறே. இயந்திரம் குறையின்றி ஓடும், வர்ணமும் பளபளக்கும், ஆயின் தெருக்குழியில் முன் சில்லு இறங்கியதும் ‘டக்’கென ஓர் ஓசை எழும். வானொலியின் ஒலியைக் கூட்டி அவ்வோசையை மறைத்துவிடுவோர் பலர். அது மறைக்கத்தக்க ஓசையன்று.

மொறிஸ் மைனரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அலெக் இஸிகோனிஸ் என்பார் வடிவமைத்த இவ்வண்டி 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும் வரை 16 இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. நம் நாட்டில் வைத்தியர், ஆசிரியர் வீட்டு முற்றங்களில் இது நிற்காத ஊர் அருமை. 1990 இன் பின் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வராதிருந்த ஆண்டுகளில், சிறு குப்பிப் பெற்றோலாற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடி நோயாளரையும் மணமக்களையும் சுமந்தவை இத்தகைய பழைய ஆங்கில வண்டிகளே. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் இவற்றின் மதிப்பு மீண்டும் உயர்ந்தது. எம் வீட்டில் நிற்பதும் அவ்வகையில் ஒன்று.

மாணவர் அறிந்துகொள்ளத்தக்க ஒரு புதுமை இதன் முன்பக்கத்தில் உண்டு. சுருள்வில்லோ தட்டுவில்லோ அங்கில்லை. நீண்ட உருக்குக் கோலொன்று வண்டியின் நீளவாக்கிற் கிடக்கிறது. சில்லு மேலெழும்போது கீழ்ப்புயம் அக்கோலை முறுக்குகிறது. ஈரத்துணியை நாம் பிழிவது போல. முறுக்கிய கோல் மீள முயல்வதே வண்டியைத் தாங்கும் விசை. கீழ்ப்புயம் அசையும் இடங்களில் றப்பர் புஷ்கள் உள்ளன. சில்லைத் தாங்கும் குத்துக்கோலோ மேலும் கீழும் மரையிட்ட மூட்டுகளிற் பொருந்தித் திரும்புகிறது. இம்மூட்டை மெக்கானிக்குகள் ‘ட்ரனியன்’ என்பர். அதே இஸிகோனிஸ் 1959 இல் வெளிவந்த மினியில் இதனை விடுத்துப் பந்துமூட்டைக் கையாண்டார். இன்றைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் இருப்பதும் பந்துமூட்டே.

றப்பர் தேய்ந்தால் ஓசை கேட்கும். வண்டி அங்குமிங்கும் அலையும். அது தொல்லை. கீழ் ட்ரனியனின் மரை தேய்ந்தால் வருவதோ ஆபத்து. கிறீஸ் இன்றி ஓடிய மரை ஒருநாள் பற்றிழந்து கழல, சில்லு வெளிப்புறமாக மடிந்து வண்டி முன்பக்கம் தரையில் விழுகிறது. பெரும்பாலும் வண்டியை மெதுவாகத் திருப்பும்போதே இது நிகழ்வதால் உயிர்கள் தப்பியுள்ளன. எப்போதும் அவ்வாறே நிகழும் என்பதற்கு உறுதி ஏது?

எமது வண்டி முறையிட்டபோது ஒரு கராஜில், அதிர்வு தாங்கிகள் இரண்டையும் மாற்றவேண்டுமெனப் பெருந்தொகை கூறினர். நாமோ முதலிற் சோதித்துப் பார்க்கத் துணிந்தோம். பின் சில்லுகளுக்குக் கல் அணைகொடுத்து, முன்பக்கத்தை உயர்த்தி, சில்லின் உச்சியையும் அடியையும் பற்றி ஆட்டினால் ஆட்டம் தெரியும். அவ்வேளை ஒருவர் பிறேக்கை மிதிக்கவேண்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் குற்றம் சில்லின் பெயரிங்கில், நில்லாவிடின் ட்ரனியனில். எம் மூத்த மகன் மிதித்தான், ஆட்டம் நின்றது. “அப்பா, அப்படியென்றால் மூட்டுக்கு ஒன்றுமில்லைத்தானே?” என்றான். இல்லை, பெயரிங்கைச் சீர்செய்தால் அது தீரும். ஆனால் ‘டக்’ ஓசையின் காரணம் வேறு. கீழ்ப்புயத்தின் உட்புற றப்பர், விரலால் தொட்டதும் கரியாய் உதிர்ந்தது. பழியெல்லாம் அதிர்வு தாங்கிமேல்!

இனி வேலை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ்த் தலை நீட்டுதல் பெருந்தவறு. சட்டகத்தின் கீழ் உறுதியான தாங்கிகள் வேண்டும். முறுக்குக்கோல் வண்டிப் பாரத்தைத் தன்னுள் அடக்கி நிற்கிறது. ஆகவே வேறொரு ஜாக்கியாற் கீழ்ப்புயத்தைத் தாங்கிக்கொண்டே மூட்டைக் கழற்றி, பின்னர் அதனை மெல்ல மெல்ல இறக்கி முறுக்கை அவிழவிடவேண்டும். தாங்கலின்றிக் கழற்றினால் புயம் பாய்ந்து எலும்பை முறிக்கும். கழன்ற பாகம் பிறேக் குழாயிற் தொங்காதபடி கம்பியாற் கட்டிவிடுதலும் வேண்டும். கோலில் அடையாளமிட விரும்புவோர் வர்ணத்தால் இடுக. அரத்தாற் கீறினால் அக்கீறலே பின்னாளில் முறிவுக்கு வாயில். வலப்பக்கத்து மூட்டும் கோலும் இடப்பக்கத்துக்கு உரியனவல்ல.

ஸ்ரியறிங் கோலின் முனையிலுள்ள சிறு பந்துமூட்டு கழல மறுக்கும். மேலிருந்து அடித்தால் மரை சிதையும். அது பொருந்தியுள்ள வளையத்தின் இருபுறமும் இரண்டு சுத்தியல்களை எதிரெதிரே பிடித்து ஒருங்கே தட்டினால், கூம்பிய தண்டு தானே பிடியை விடும். எம் மகனுக்கு மிகப் பிடித்த பகுதி இதுவே.

புதிய புஷ்களைப் பஞ்சிகாவத்தைக் கடைகளிற் பெறலாம். பொலியூறெத்தேன் புஷ்களும் உள்ளன. அவை நீடித்துழைப்பினும் கடினமானவை. அதிர்வை வண்டிக்குள் கடத்துவன. பழைய வண்டிக்குப் பழைய றப்பரே இதம் என்பது எம் கருத்து. எண்ணெய் பூசிச் செருகினால் றப்பர் ஊதிக் கெடும். சவர்க்கார நீரே போதும்.

பலர் தவறவிடும் நுட்பமொன்று இங்குண்டு. சில்லு அந்தரத்திற் தொங்கும்போது புஷ்ஷின் நட்டை முற்றாக இறுக்கலாகாது. இறுக்கினால், வண்டி நிலத்தில் நிற்கும் நேரமெல்லாம் றப்பர் முறுகியே இருந்து விரைவிற் கிழியும். வண்டியை இறக்கி, பாரம் சில்லுகளில் அமர்ந்தபின் இறுதி இறுக்கம் கொடுக்கவேண்டும். பிளவு ஊசிகளைப் புதிதாகவே இடுதல் வேண்டும். அதன்பின் சில்லுகளின் நேரமைவைக் கருவியுள்ள கராஜிற் சரிபார்ப்பது கடன். அது வீட்டு வேலையன்று.

எமக்கு இரு ஞாயிற்றுக்கிழமைகள் சென்றன. செலவு, கராஜில் கூறிய தொகையின் சிறு பங்கே. ட்ரனியன்களுக்கு ஆயிரம் மைலுக்கொருமுறை கிறீஸ் ஏற்றுகிறோம். பாரம் நீங்கினாலன்றிக் கிறீஸ் மரை முழுதும் பரவாதாதலின், முன்பக்கத்தை உயர்த்தி வைத்தே ஏற்றுகிறோம். பழைய அழுக்கு வெளியேறிப் புதுக் கிறீஸ் தலைகாட்டும்வரை அழுத்தவேண்டும். அப்பணி இப்போது மூத்த மகனுடையது. மைல்கணக்கைச் சமையலறை நாட்காட்டியில் அவன் தாயார் குறித்து வைக்கிறார்.