காரா, கையிருப்பா?

எங்கள் தெருவில் இப்போது மூன்று வீட்டு வாசலில் கார் நிற்கிறது. அதைப் பார்த்து என் வீட்டுக்காரருக்கும் ஆசை வந்துவிட்டது. ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் முன்பணத்துக்கு அவர் கண் வைத்தது என்னுடைய எட்டு பவுன் நகை மேல்! "பேங்க்ல அடகு வைப்போம், அறுவடை முடிஞ்சதும் மீட்டுக்கலாம்" என்றார். நான் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் காருக்கு மதிப்புப் போட ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. ஆறு மாதம் வரை 5 சதவீதம் கழிவு. ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்றுக்கு 30, நான்குக்கு 40, ஐந்துக்கு 50. அதாவது 6 லட்ச ரூபாய் கார் ஐந்தாவது வருடத்தில் 3 லட்சம்தான். போன 3 லட்சத்தை 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 5,000 ரூபாய். கார் வாசலில் சும்மா நின்றாலும் இந்தப் பணம் போகும். கடன் வட்டி, இன்ஷூரன்ஸ், சர்வீஸ், பெட்ரோல் எல்லாம் தனி.

"சின்ன காருக்கு ஜி.எஸ்.டி.யை 18 சதவீதமா குறைச்சுட்டாங்களே" என்றார் இவர். உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் குறைந்தது. ஆனால் புதுக் கார் விலை இறங்கினால், ஏற்கெனவே ஓடிய காரை யார் பழைய விலைக்குக் கேட்பார்கள்?

நம் டெல்டா பக்கம் இன்னொரு சங்கடமும் உண்டு. தவணை மாதா மாதம் கட்ட வேண்டும். நெல் போட்டுப் பணம் வருவதோ குறுவைக்கு ஒரு தடவை, சம்பாவுக்கு ஒரு தடவை. மழை கெடுத்துவிட்டால் அதுவும் இல்லை. உழவு, நடவு, உரம் என்று கை கடிக்கும்போது உதவுவது அந்த நகைதான். அதையும் காருக்கு வைத்துவிட்டால் எங்கே போவது?

திருவாரூருக்கும் மயிலாடுதுறைக்கும் எங்களூரிலிருந்து ரயில் இருக்கிறது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று போன வருடம் பதினொரு தடவை வாடகைக் கார் எடுத்தோம். மொத்தம் 24,000 ரூபாய். சொந்தக் காரில் மதிப்பு இறங்குவது மட்டுமே வருடத்துக்கு 60,000!

"நடுராத்திரியில அம்மாவுக்கு மூச்சு திணறினா என்ன பண்ணுவே?" என்று கேட்டார். மாமியாருக்கு ஆஸ்துமா. நியாயமான கேள்வி. 108-ஐக் கூப்பிடலாம். பக்கத்துத் தெரு வாடகைக் கார்க்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். இருந்தாலும் அந்தக் கவலைக்காகத்தான் கார் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

மாதம் 5,000 ரூபாய் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யில் போடுவது என்று பேசி முடித்தோம். ஐந்து வருடத்தில் 3 லட்சமும் வட்டியும் கையில் இருக்கும். அப்போது நாலைந்து வருடம் ஓடிய காரைக் கடன் இல்லாமல் வாங்கலாம். பாதி விலை இறக்கத்தை முதலில் வாங்கியவரே சுமந்திருப்பார். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று மட்டும் தெரிந்த மெக்கானிக்கை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காரை வைத்துச் சம்பாதிப்பவர்களுக்கும், தினமும் வெகுதூரம் போய் வருபவர்களுக்கும் கணக்கு வேறு. மற்றபடி, சகோதரிகளே, வீட்டில் கார் பேச்சு எழுந்தால் வாங்குகிற விலையோடு ஐந்து வருடம் கழித்து விற்கிற விலையையும் கேளுங்கள். முன்பணம் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள்!

- ஓர் இல்லத்தரசி, நன்னிலம்.