ஓமமும் ரோஜாத் தோட்டமும்

ஓசூரை அடுத்த மூக்கண்டப்பள்ளி இன்று ஆலைகள் மிகுந்த இடம். ஆயினும் அவ்வட்டாரத்தில் ரோஜா சாகுபடிக்குக் குறைவில்லை. செடிகளைச் சாம்பல் நோயும் மொட்டழுகலும் பற்றுகின்றன. ஒரே இரசாயன மருந்தைத் தொடர்ந்து தெளித்தாலோ பூஞ்சணம் அதற்குப் பழகிவிடுகிறது.

ஓமத்தில் தைமால், கிராம்பில் யூஜெனால், ரோஜா அத்தரிலேயே ஜெரானியால் உண்டு. பூஞ்சணத்தின் உயிரணுச் சவ்வைக் குலைப்பவை இவை. 2013-ல் ஐரோப்பிய ஒன்றியம் மூன்றையும் அங்கீகரித்தது. திராட்சையின் அழுகலுக்கு அங்கே தெளிக்கிறார்கள். எண்ணெய் காற்றில் பறந்துவிடும், மிகுந்தால் இலையைக் கருக்கும். ஆதலின் ஈஸ்ட்டின் நுண்கூடுகளில் அடைத்து விற்கிறார்கள்.

1914-க்கு முன்னர் நமது ஓமம் கப்பலேறி ஜெர்மனி சென்று தைமாலாயிற்று. விதை நம்முடையது, இலாபம் அவர்களுடையது! அக்கதை மீண்டும் நிகழுமுன், ஓசூர்த் தோட்டங்களில் சில பாத்திகளிலேனும் இவற்றைச் சோதித்து, செலவுக் கணக்கைக் குடியானவர் முன் வைக்குமாறு சர்க்காரைக் கேட்கிறோம்.