பழைய திறன்பேசிக்குப் புதிய பணி

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடாக இருந்தாலும் கிள்ளானில் உள்ள தாமான் வீடாக இருந்தாலும், மேசை இழுப்பறையில் ஒரு பழைய திறன்பேசி கிடப்பது இன்று வியப்பன்று. புதிய செயலிகளை அது ஏற்காமல் போகலாம். ஆயினும், அதனுள் இருக்கும் சிறு கணினி இன்னும் இயங்கும். அதைக் குப்பையில் எறிவது தீங்கானது. ஈயம், பாதரசம் போன்ற நச்சுப் பொருள்கள் கலந்த மின்னணுக் கழிவுகளை, மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகள் அட்டவணைக் கழிவுகளாக வகைப்படுத்தியுள்ளன. எனவே, கழிவாக்கும் முன் அதற்கு வேறு பணி தர முடியுமா என்று எண்ணிப் பார்ப்பது நன்று. கணினியுடன் எழுத்துகளால் பேசும் ‘சீரியல்’ கருவியாக அதை மாற்றுவது ஒரு வழியாகும்.

சீரியல் முறை என்பது யாது? கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் ஒரே வாயில் வழியாகப் பயணிகள் ஒருவர் பின் ஒருவராகச் செல்வதைப் போல, தகவல் துணுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் முறையே அது. இதற்குத் திரையோ இணையமோ தேவையில்லை.

யுஎஸ்பி வடத்தால் இணைக்கப்படும் இரு கருவிகளுள் ஒன்று கேட்கும், மற்றொன்று பதிலளிக்கும். திறன்பேசியை இணைத்தவுடன், “நீ எத்தகைய கருவி?” என்று கணினி கேட்கிறது. “நான் கோப்புகளை வைத்திருக்கும் கருவி” என்று திறன்பேசி வழக்கமாகப் பதில் தருகிறது. இந்தப் பதிலை முடிவு செய்வது வடமன்று, திறன்பேசியின் மென்பொருளே. ஆகவே, மென்பொருளை மாற்றினால் பதிலும் மாறும்.

அந்த மென்பொருளின் அடித்தளம் ‘கெர்னல்’ ஆகும். வன்பொருளுக்கும் செயலிகளுக்கும் இடையே நின்று அனைத்தையும் இயக்குவது அதுவே. ஆண்ட்ராய்டு திறன்பேசிகளில் இருப்பது லினக்ஸ் கெர்னல். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் இதை 1991இல் வெளியிட்டார். இதன் உரிமத்தின்படி, கெர்னலைத் தம் கருவியில் சேர்த்து விற்பவர் அதன் மூல நிரலையும் பெற வழி செய்ய வேண்டும்.

மாற்றும் பணி பல படிகளைக் கொண்டது. முதலில், அந்தத் திறன்பேசிக்குரிய மூல நிரலைப் பெற வேண்டும். அடுத்து, கெர்னலின் அமைப்புப் பட்டியலில் ‘யுஎஸ்பி கேட்ஜெட்’ பகுதியையும் அதிலுள்ள சீரியல் வசதியையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு, மூல நிரலை இயங்கு நிரலாகத் தொகுத்து, திறன்பேசியின் தொடக்கப் பூட்டைத் திறந்து நிறுவ வேண்டும். இறுதியாக, சீரியல் வசதியை இயக்கி வடத்தை இணைத்தால், கணினி அதை ஒரு சீரியல் வாயிலாகக் காணும். லினக்ஸ் கணினியில் அதன் பெயர் பெரும்பாலும் ‘டிடிஒய்ஏசிஎம்0’ என்று தோன்றும். அதன்பின், திறன்பேசியின் ஒளியுணரி அளக்கும் அளவுகளை வரிவரியாகக் கணினிக்கு அனுப்ப ஒரு சிறு நிரல் எழுதலாம்.

இதில் எச்சரிக்கையும் தேவை. பூட்டைத் திறக்கும்போது படங்களும் குறுஞ்செய்திகளும் பொதுவாக அழிந்துவிடும். பொருந்தாத கெர்னலை நிறுவினால் திறன்பேசி இயங்காமலும் போகலாம். எனவே, தேவையானவற்றை முன்னரே நகலெடுத்துவிட்டு, அன்றாடம் பயன்படுத்தாத திறன்பேசியில் மட்டுமே முயல வேண்டும்.

எல்லாத் திறன்பேசிகளிலும் இது கைகூடாது. தொடக்கப் பூட்டைத் திறக்கவே முடியாதபடி சில கருவிகள் விற்கப்படுகின்றன; அவற்றின் பணியை உரிமையாளரால் மாற்ற இயலாது. மூல நிரல் கிடைத்து, பூட்டும் திறந்தால்தான் பழைய கருவி மறுபடியும் பயன்படும். பொருளை வாங்கும்போது விலையோடு இதையும் கேட்டறிவது அறிவுடைமை.