ஆடு எத்தனை, புலி எத்தனை?

போன கோடை லீவுல காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல, சித்தப்பா வீட்டுத் திண்ணையில தம்பி தங்கைகள் 4 பேருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்தினேன். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி முன்னேறுவார்கள். எதிரே வரும் அரக்கர்களை ஆட்டி வைப்பதும் கதை நடத்துபவர் வேலைதான்.

மூன்றாம் நிலைப் பாத்திரங்கள். ஓகர் என்ற அரக்கனை இறக்கினேன். உயிர்ப்புள்ளி 59. இரண்டே சுற்றில் காலி. அடுத்த நாள் இன்னொரு ஓகர், உயிர்ப்புள்ளி 118. நாலு சுற்று தாங்கியது. ஆனா பயம் கூடல, இழுவைதான் கூடுச்சு.

காரணம் அதே திண்ணையில சாக்பீஸ் கோடா கிடந்தது: ஆடு புலி ஆட்டம். பழைய கோயில்கள் பலவற்றில் மண்டபத் தரைக் கல்லிலேயே கொத்தியிருக்கும் அதே கட்டம்தான். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும், ஆடு வெட்டாது. ஆனாலும் ஆடு ஜெயிக்கும், புலியை நகரவிடாமல் அடைத்து. எல்லா ஆடும் இறங்கிவிட்டால் 18 புள்ளி நிரம்பி 5தான் காலி. ஒரு ஆடு போனால் ஒரு காலியிடம் கூடும், புலிக்கு மூச்சு வரும். ஆக, புலியின் பலம் அதன் உடம்பில் இல்லை. அதற்கு எத்தனை வழி திறந்திருக்கு என்பதில் இருக்கு. (நேபாளத்து பாக்சாலில் 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. அங்கேயும் ஒரு புலிக்கு 5 ஆடு! இருவரும் பிழையில்லாமல் ஆடினால் அது டிராவில் முடியும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டே காட்டியிருக்கிறார்கள்.)

என் ஓகர் ஒற்றைப் புலி. நாலு பேர் சூழ்ந்து நாலு அடி போட, அது திருப்பி ஒரே அடி, சராசரி 13. உயிர்ப்புள்ளியை ஏற்றினால் புலி தடிக்கும், அவ்வளவுதான்.

2014 விதிப் புத்தகத்தில் இதற்குக் கணக்கே உண்டு. ஒரு ஓகர் 450 அனுபவப் புள்ளி. ஒரு கோப்ளின் 50. ஆக 9 கோப்ளினும் அதே 450. ஆனால் எண்ணிக்கைக்காக 2.5-ஆல் பெருக்கச் சொல்கிறது: 1125. என் தம்பிகளுக்கு முதலாவது 'சுலபம்', இரண்டாவது 'கடினம்'. 15 எதிரி வந்தால் 4-ஆல் பெருக்கணும். 2024 பதிப்பில் இந்தப் பெருக்கலை எடுத்துட்டாங்க. கணக்குப் போடுறது தொல்லைதான். ஆனா புதுசா நடத்துறவங்களுக்கு அது நல்ல எச்சரிக்கை.

தனி அரக்கனே வேணும்னா? பெரிய டிராகன்களுக்கு மற்றவர் முறை முடிந்ததும் குறுக்கே செய்ய, சுற்றுக்கு 3 கூடுதல் செயல் இருக்கும். ஒரு புலியை மூணு புலியாக்கும் வித்தை.

நடுவில் திருத்தலாமா என்பதுதான் சிக்கல். மூணாம் நாள் 9 கோப்ளினை விட்டேன். கடைசித் தங்கச்சி சாகிற நிலைமை. திரை மறைவில் பகடையைப் பார்த்து, பட்ட அடியைப் "படல"ன்னு சொன்னேன். அவளே கண்டுபிடிச்சுட்டா. "அண்ணா, அழுகுணி ஆட்டம் ஆடாதீங்க." அவளைக் காப்பாத்தினதுக்கு அவளுக்கே கோபம்.

சின்னக் குழந்தையை ஒப்புக்குச் சப்பாணியாச் சேர்த்துக்குறது நம்ம தெருவுக்குப் புதுசில்லை. ஆனா அதை ஆட்டம் தொடங்கும்போதே எல்லார் காதிலும் விழச் சொல்வோம். எத்தனை ஆடு வெட்டினா புலிக்கு ஜெயம்னு முன்னாடியே பேசிக்கிற மாதிரி.

இப்போ பகடையைத் திரை இல்லாம எல்லார் முன்னாடியும்தான் உருட்டுறேன். குறைக்கணும்னா, தலைவன் விழுந்ததும் ரெண்டு கோப்ளின் கண்ணெதிரே ஓடும். கூட்டணும்னா, ஒரு சுற்று முன்னாடியே தூரத்துல பறைச் சத்தம் கேட்கும். ஓடுறதா நிக்கிறதான்னு அவங்க முடிவு பண்ணட்டும். போன தடவை தங்கச்சி நின்னா. அவ பாத்திரம் செத்துப்போச்சு. அன்னைக்கே புதுசு ஒண்ணு எழுதிட்டா.